போலீஸ் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சீனக் கொழுக்கட்டை!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மனுஷன் எழுந்திருக்கிறான் என்றால் மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். ரயிலைப் பிடிக்க வேண்டும், அல்லது பால் பாக்கெட் போடுகிறவன், அல்லது வீட்டுக்கு மாமனார் வந்திருக்கிறார். கொழுக்கட்டை தின்பதற்காக எழுந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

எழுப்பியவன் என் நண்பன். என்னோடு பி.காம். படித்தவன். அவன் பரீட்சையை ஒழுங்காக எழுதி பேங்க்குக்குப் போனான். நான் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் நாலு பக்கம் எழுதிப் பழகி, பத்திரிகைக்கு வந்துவிட்டேன். அவனுக்குக் கல்கத்தாவுக்கு டிரான்ஸ்ஃபர். இப்போது கொல்கத்தா என்று சொல்ல வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. தமிழ்க் குரல் கேட்கும், வாழை இலை கிடைக்கும், ஃபில்டர் காபிப் பொடி கிடைக்கும் பேட்டை அது.

"டேய், எழுந்திரு. எட்டு மணிக்கு மேல போனா ஒண்ணும் இருக்காது."

"என்னடா இருக்காது?"

"சைனீஸ் டிபன்."

காலை டிபனுக்குச் சீனச் சாப்பாடு! ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஃபிரைட் ரைஸ் என்பதுதான் நமக்குத் தெரிந்த சைனா. அவர்களும் காலையில் எழுந்து பல் தேய்த்து டிபன் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டாக்சி டல்ஹௌசி பக்கம் போய், லால்பஜார் என்ற இடத்தில் திரும்பியது. பெரிய சிவப்புக் கட்டடம். கொல்கத்தா போலீஸின் தலைமையகம். எனக்கு வயிற்றில் லேசாகப் புளி கரைந்தது. "டிபன் இங்கயாடா?" என்றேன். "இதுக்குப் பின்னாலதான்" என்றான்.

பின்னால் போத்தார் கோர்ட் என்று ஒரு ஆபீஸ் கட்டடம். அதை ஒட்டி ஒரு சந்து. ஒரு பக்கம் முட்டைக்கோஸ் மூட்டை இறங்குகிறது. ஒரு பக்கம் மீன். நடுவில் நேற்றைய குப்பை மலையாகக் குவிந்திருக்கிறது. அந்த மலையின் அடிவாரத்தில், அலுமினிய அடுக்குப் பாத்திரங்களிலிருந்து ஆவி பறக்க, வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூரை, போர்டு, மெனு கார்டு எதுவும் கிடையாது. நிறுத்தி வைத்த காரின் பானெட்தான் டைனிங் டேபிள்.

இதுதான் திரெட்டா பஜார். பெயரைக் கேட்டு பெங்காலி என்று நினைக்காதீர்கள், சீனமும் இல்லை. எட்வர்ட் திரெட்டா என்ற இத்தாலிக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊரின் தெருக்களையும் கட்டடங்களையும் கவனித்துக்கொண்ட அதிகாரி. மார்க்கெட் அவருடையது. ஆக, இத்தாலிக்காரன் பெயரில், வங்காளத்தில், போலீஸ் ஆபீஸுக்குப் பின்னால், சீனக் கொழுக்கட்டை! பக்கத்துத் தெருவின் பெயர் சன் யாட் சென் தெரு.

நண்பன் நேராக ஒரு பாட்டியிடம் போனான். எழுபதைத் தாண்டிய சீனப் பாட்டி. பூப்போட்ட சட்டை, பேண்ட், தலையில் ஒரு கம்பளித் தொப்பி. சின்ன ஸ்டூல். முன்னால் இரண்டு அடுக்குப் பாத்திரம். மூடியைத் திறந்ததும் நம் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. மூக்குக் கண்ணாடி மறைந்துவிட்டது. துடைத்துப் பார்த்தால், உள்ளே பிள்ளையார் சதுர்த்தி!

ஒன்று, வாய் மூடிய மடிப்புக் கொழுக்கட்டை. இன்னொன்று வாய் திறந்தது. பூரணம் வெளியே எட்டிப் பார்க்கும். அதன் பெயர் ஷுமாய். மூன்றாவது, பந்து மாதிரி உப்பிய வெள்ளை பன். அது பாவ். முதல் இரண்டுக்கும் மாவு புளிக்காது; பாவுக்கு மட்டும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்க வேண்டும். பக்கத்துக் கடையில் இலையில் கட்டி வேகவைத்த ஒட்டரிசிப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஓரமாக மீன் உருண்டை சூப்.

"உள்ள என்ன?" என்று என் தேசியப் புகழ் பெற்ற ஹிந்தியில் கேட்டேன்.

"சிக்கன் வேணுமா, போர்க் வேணுமா, இறால் வேணுமா?" என்றாள் பாட்டி, என்னைவிட நாலு மடங்கு நல்ல ஹிந்தியில்.

சிக்கன் என்றேன். அஞ்சு உருப்படி, மேலே ஒரு கரண்டி மிளகாய் சாஸ். வாயில் வைத்தேன். மேல்தோல் பல்லில் படுகிற நேரத்தில் போய்விட்டது. உள்ளே சுடச்சுட சாறு. நாக்கு வெந்தது. வெந்த நாக்கோடு "இன்னொரு பிளேட்" என்றேன். இரண்டு பேரும் மூக்கு முட்டத் தின்று, சூப் குடித்து, எழுந்தபோது பில் ஐந்நூறு ரூபாயைத் தொடவில்லை. அதே சாமானை ஏ.சி. ஓட்டலில் மூங்கில் கூடையில் வைத்துக் கொடுத்தால் அந்தக் காசு கூடைக்கே போய்விடும்.

சுற்றிப் பார்த்தேன். கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்களே இல்லை. ஒரு பீகார் பையன் சர்வ சாதாரணமாக ஷுமாய் விற்றுக்கொண்டிருந்தான். "சீனாக்காரங்க எல்லாம் எங்கடா?" என்றேன்.

"பாட்டியைக் கேளு" என்று நண்பன் சூப்பில் மூழ்கிவிட்டான்.

இங்கே கொஞ்சம் சரித்திரம். பயப்பட வேண்டாம், ஒரே பாராதான். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் டோங் அச்சியூ என்ற சீன வியாபாரி, கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் வாங்கி சர்க்கரை ஆலை போட்டார். அந்த ஊருக்கு இன்றும் அச்சிப்பூர் என்றுதான் பெயர். சீனப் புத்தாண்டு முடிந்ததும் கொல்கத்தா சீனர்கள் வருஷா வருஷம் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். பின்னால் தச்சர்கள், செருப்பு தைப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், பல் வைத்தியர்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1962-ல் சீனாவோடு யுத்தம். ராஜஸ்தானில் தேவ்லி என்ற ஊரில் முகாம் போட்டு, அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சுமார் மூவாயிரம் பேரைக் கொண்டுபோய் அடைத்தார்கள். இந்தியாவிலேயே பிறந்த குழந்தைகளும் அதில் உண்டு. சிலர் வெளியே வர 1967 ஆனது. வெளியில் இருந்தவர்களும் ஊரைத் தாண்டிப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் யார் இருப்பார்கள்? டொரண்டோவுக்கும் மற்ற ஊர்களுக்கும் கிளம்பிவிட்டார்கள். டாங்ராவில் மிச்சமிருந்த தோல் பட்டறைகளையும் ஊருக்கு வெளியே போகச் சொல்லி 1996-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது.

பாட்டியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அப்பா தச்சு வேலை. யுத்தத்தின்போது பாட்டிக்குப் பன்னிரண்டு வயசு.

"எங்கப்பா அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தா தெருவையே மாத்திப்பார். சாகற வரைக்கும் அந்தப் பக்கமா நடந்ததில்ல" என்றாள். பிறகு இடுக்கியால் அந்தப் பக்கம் காட்டிச் சிரித்தாள். "இப்ப அங்க நைட் டூட்டி முடிஞ்சு வர்றவங்கதான் எனக்கு முதல் போணி."

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்து, "மாசி, ரெண்டு பாவ்" என்றார். வங்காளத்தில் மாசி என்றால் சித்தி.

பாட்டிக்கு ஒரு மகன், ஒரு மகள். இரண்டு பேரும் டொரண்டோ. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தனியாகவே மாவு பிசைந்து, கறி கொத்தி, மடிப்பு வைத்து, ரிக்‌ஷா பிடித்து ஐந்தரைக்கு இங்கே வந்துவிடுகிறாள்.

என்னதான் பத்திரிகைக்கு வந்தாலும் பி.காம். ரத்தம் சும்மா இருக்குமா? சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். மைதா, சிக்கன், இறால், காஸ், ரிக்‌ஷா, பேப்பர் பிளேட். இந்தப் பக்கம் வரவு. கூட்டி, கழித்து, பாட்டியின் தூக்கத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போடாமல் பார்த்தேன். மிஞ்சியது மிகக் கேவலமான தொகை.

"பாட்டி, இதுல உங்களுக்கு லாபமே இல்ல" என்றேன். ஆடிட்டர் குரல் தானாக வந்துவிட்டது.

பாட்டி என் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

"பின்ன ஏன்? பேசாம டொரண்டோ போய் உட்கார்ந்துடலாமே?"

"போனேன். ஆறு மாசம் இருந்தேன். நல்ல ஊரு. நல்ல வீடு. ஜன்னல் வழியா பனியைப் பார்க்கலாம்." இன்னொருவருக்குப் பிளேட் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "பேட்டா, இதை மூடிட்டா ஞாயித்துக்கிழமை காலையில நான் எங்க போவேன்?"

வாசகர்களே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

விருத்தாசலத்தில் எங்கப்பாவுக்கு ஒரு இட்லிக் கடை இருந்தது. நாலு பெஞ்சு, ஒரு கல்லா, சுவரில் முருகன் காலண்டர். அந்தக் கடைதான் எனக்கு ஃபீஸ் கட்டியது. பட்டம் வாங்கியவன் என்ன செய்ய வேண்டும்? கடைக் கணக்கைப் பார்த்தேன். மூன்று மாச நோட்டுகளை அலசி, அழகாக சிவப்பு இங்க்கில் கோடு போட்டு, ஒரு பேலன்ஸ் ஷீட் தயாரித்தேன். "அப்பா, உங்க உழைப்புக்குச் சம்பளம்னு ஒண்ணு போட்டா, கடை நஷ்டத்துல ஓடுது" என்றேன். அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ படிச்சவன்டா, சரியாத்தான் இருக்கும்" என்றார். அடுத்த தை மாசம் பெஞ்சை விற்றுவிட்டார்.

என் கணக்கு சரி. இன்று எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார். ஆனால் கடை மூடியதிலிருந்து அப்பா வழக்கம்போல நாலு மணிக்கே எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல், திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நான் எந்தப் பத்தியில் எழுதுவது? வரவிலா, செலவிலா?

இரண்டாவது காபி இல்லாமலே அன்று எனக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. ஓரமாகப் போய் அப்பாவுக்கு போன் போட்டேன்.

"என்னடா, இந்நேரத்துக்கு? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லப்பா. கல்கத்தாவுல இருக்கேன். சீனாக்காரங்க கொழுக்கட்டை சாப்பிட்டேன். அதான்..."

அதான் என்ன என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் போன் போட்டேன். ஆனால் அப்பா அதற்கு இடம் கொடுத்தால்தானே!

"கொழுக்கட்டையா? அரிசி மாவா, மைதாவா?"

"மைதாப்பா."

"பச்சைத் தண்ணியில பிசையறாங்களா, வெந்நீர்லயா? வெந்நீர்னாதான் தோல் விரியாது. தொட்டுக்க என்ன? ஆவிக்கு அடியில துணி போடறாங்களா, எண்ணெய் தடவறாங்களா? ஒரு ஈடு வேக எத்தனை நிமிஷம்?"

கடை மூடிய பிறகு அவர் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. "இருங்கப்பா, கேட்டுச் சொல்றேன்" என்று பாட்டியிடம் ஓடினேன்.

பாட்டி இல்லை. எட்டரை மணி ஆகிவிட்டது. ஸ்டூல் இருந்த இடத்தில் முட்டைக்கோஸ் மூட்டை. டைனிங் டேபிளாக இருந்த காரை ஓனர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பீகார் பையன் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இங்கே ஒரு ஊரே டிபன் சாப்பிட்டது என்று யாராவது சொன்னால், நம்ப மாட்டீர்கள்.

"அப்பா, பாட்டி கிளம்பிட்டாங்கப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அம்மாவிடம் ஏதோ கேட்கிறார் போல.

"ஏண்டா," என்றார் அப்பா, "கல்கத்தாவுக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட் எவ்வளவு ஆகும்?"