செயலற்ற துளைகள்

கணினியின் யூ.எஸ்.பி. துளைகள் திடீரெனச் செயலற்றவிடத்து அவை இறந்துபட்டன என்று துணிதல் பொருந்தாது. ஆய்வுக்கட்டுரை ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவு, எம் மேசைக் கணினியில் சுட்டி அசைவற்றது. மூன்று திங்களாகத் தொகுத்த பாடபேதங்கள் அடங்கிய பென்டிரைவும் தோன்றிலது. "மதர்போர்டை மாற்றுக" என்றார் விடுதி நண்பர். பிறர் பொருளைச் செலவிடுவதில் அவர் பெரு வள்ளல். பென்டிரைவை அண்டை அறைக் கணினியிற் செருகினோம். கோப்புகள் யாவும் நலமே இருந்தன. முதற்கண் அவற்றைப் படியெடுத்துக்கொண்டோம். எனவே பழுது எம் கணினியின்பாலது.

2.0 வகைத் துளையொன்று 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர் மின்னோட்டமே வழங்கற்குரியது. அன்று நண்பர் தம் சிறு மின்விசிறியை அதிற் செருகியிருந்தார். அளவு மிகின் காப்புச் சுற்று மின்சாரத்தைத் தடுத்துவிடும். சில கணினிகளில் பல துளைகளுக்கும் காப்பு ஒன்றே. ஆதலின் செருகியவை அனைத்தையும் களைந்து, கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். எஞ்சிய மின்னேற்றம் வடிந்தது. மீண்டும் இயக்கவே சுட்டி ஊர்ந்தது. யாம் எய்திய உவகையை நண்பர் அறியார், அவர் உறங்கியிருந்தார்.

அங்ஙனமும் பயன் காணாதார், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூ.எஸ்.பி. கன்ட்ரோலர்களை நீக்கிக் கணினியை மறுபடி தொடங்குக. அவை தாமே மீண்டும் நிறுவப்பெறும். நீக்கியவுடன் சுட்டியும் விசைப்பலகையும் அடங்கிவிடின் அஞ்சற்க; அணைத்தற்கு மின்பொத்தானே போதும்.