தகவலாளியின் பேத்தி

சமூகவியல் படிப்பில் நமக்கு ஒரு இடம் உண்டு. படிக்கிறவர் இடம் அல்ல, படிக்கப்படுகிறவர் இடம். நோட்டுப் புத்தகத்தோடு ஒருத்தர் சேரிக்கு வருவார். நாம் பதில் சொல்வோம். அவர் போய்ப் புத்தகம் போடுவார். நம்ம பிள்ளைகள் என்றைக்காவது எம்.ஏ. வரைக்கும் தப்பித் தவறி வந்துவிட்டால் அந்தப் புத்தகத்தையே படித்துப் பரீட்சை எழுதும். நான் அப்படி எழுதியவள், 1991-லிருந்து 1993 வரை.

ஏன் சமூகவியல் என்று கேட்டால் பெரிய காரணம் கிடையாது. அதில்தான் இடம் கிடைத்தது. "இதப் படிச்சா என்னா வேலடி குடுப்பான்?" என்று ஆயா கேட்டது. சாதியைப் பத்திப் படிக்கிறது ஆயா என்றேன். "அதுக்கு எதுக்குப் பட்டணம் போவணும்? இங்கியேதான கெடக்குது" என்றது.

வகுப்பில் முதலில் வந்தவர் எம்.என். சீனிவாஸ். 1952-ல் குடகு மக்களைப் பற்றிய புத்தகத்தில் அவர் சொன்ன சமஸ்கிருதமயமாக்கம். கீழே இருக்கிற சாதி மேல்சாதியைப் பார்த்துக் கறி, கள்ளை விட்டு, சடங்கை மாற்றி, மெல்லப் படியேறப் பார்க்கும் என்பது. மாட்டுக்கறியை விட்டாலும் எங்க தெருவுக்கு டீக்கடையில் கிளாஸ் மாறவில்லையே என்று எனக்குத் தோன்றும். கேட்க மாட்டேன். அப்புறம் ஆந்த்ரே பெத்தெய். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று பேர் வைத்து 1965-ல் எழுதினார். அக்ரகாரத்தில் குடியிருந்து செய்த ஆய்வு. அங்கே இருந்ததால் ஆதிதிராவிடர்கள் தன்னைப் பிராமணர்களோடு சேர்த்துப் பார்த்தார்கள், அவர்களிடம் அவ்வளவாகப் பழக முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் அந்தப் பக்கத்தை வகுப்பில் யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராது.

பரீட்சைக்கு வந்தது மைக்கேல் மொஃபாட். அமெரிக்கர். எங்க செங்கல்பட்டு ஜில்லாவில் எண்டவூர் என்ற ஊரின் பறையர்களைப் பற்றி 1979-ல் புத்தகம் போட்டவர். ஊர் நம்மை ஒதுக்கினாலும் ஊரில் உள்ளதையெல்லாம் நாம் நமக்குள்ளேயே செய்து வைத்துக்கொள்கிறோமாம். ஊருக்கு அய்யர் என்றால் நமக்கு வள்ளுவர். ஊருக்கு வண்ணார் என்றால் நமக்குப் புதிரை வண்ணார். ஆகவே தீண்டப்படாதவர்களும் சாதி முறையின் அடிப்படைகளை மனசார ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், இது ஒருமித்த கருத்து, என்கிறார்.

லீவுக்குப் போனபோது இதை ஆயாவிடம் சொன்னேன். அது முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: "ஊரு வண்ணான் நம்ம துணிய எடுப்பானா? அய்யரு நம்ம தெருவுல கால வெப்பானா? அவன் வரலன்னு சாவு வுழுந்த வூட்ல பொணத்த வெச்சிக்கினே குந்தியிருக்க முடியுமா? அதுக்குப் பேரு ஒத்துக்கினதாமா?"

ஜோன் மெஞ்ச்சர் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண்மணி, இதே செங்கல்பட்டுச் சேரிகளில் வேலை செய்தவர், ஏறக்குறைய ஆயா சொன்னதையே 1974-ல் எழுதியிருக்கிறார். கீழேயிருந்து பார்த்தால் சாதி என்பது உழைப்பைச் சுரண்டுகிற ஏற்பாடு, அடியில் கிடப்பவர்கள் அதை நியாயம் என்று நம்பவில்லை என்று. அவர் பேரை எங்கள் பாடத்திட்டத்தில் காணோம்.

அம்பேத்கர் பேரும் இல்லை. நூலகத்தில் மட்டும் இருந்தார். மகாராஷ்டிர அரசு 1979-ல் போட்ட முதல் தொகுதி, யாரும் எடுத்துப் போன முத்திரை இல்லாமல். 1916 மே 9-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயசில் அவர் படித்த கட்டுரையை அங்கேதான் கண்டேன். அகமணம்தான் சாதியின் உயிர் என்கிறார். சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் ஆண், பெண் கணக்கு சரியாக நிற்க வேண்டும். புருசன் செத்த பெண் 'உபரி' ஆகிறாள். அவளை எரிப்பது, மொட்டையடித்து மூலையில் உட்கார வைப்பது, பொண்டாட்டி செத்தவனுக்குச் சின்னப் பெண்ணைக் கட்டி வைப்பது எல்லாம் அந்தக் கணக்கை நேர் செய்கிற வேலை. பெண் உடம்பை வைத்துச் சாதியை விளக்கினதை அதுவரை எந்தத் தாளிலும் நான் படித்ததில்லை. பார்த்துச் செய்கிற பழக்கத்தையும் தார்த் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரை வைத்து அதிலே பேசுகிறார், சீனிவாஸுக்கு 36 வருசம் முந்தி. முதலில் ஒரு கூட்டம் கதவடைத்துக்கொண்டது, சிலர் அதைப் பார்த்துத் தாங்களும் அடைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் வெளியே நிறுத்தப்பட்டதால் தனிச் சாதியானார்கள். இதைப் படித்ததும் மொஃபாட்டுக்கு ஆயா சொன்ன பதில்தான் ஞாபகம் வந்தது.

ஆய்வேட்டுக்கு எங்க சேரியையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "சொந்த சாதியப் பண்ணினா ஆப்ஜெக்டிவிட்டி இருக்காதும்மா" என்றார் வழிகாட்டி. சீனிவாஸ் தன் முன்னோர் மண்ணுக்குப் பக்கத்து ஊரைத்தானே எடுத்தார் சார், 1970-ல் குறிப்பெல்லாம் தீயில் எரிந்தபின் ஞாபகத்திலிருந்தே பாதிக்கு மேல் எழுதி 1976-ல் புத்தகம் போட்டாரே என்றேன். "அவர் சீனிவாஸ்" என்றார்.

சரி, சொந்த சாதி வேண்டாம், புதிரை வண்ணார் பற்றிச் செய்கிறேன் என்றேன். எங்க எண்பது வீட்டுக்கு ஒரே குடும்பம். பிள்ளை பிறந்த துணி, வயசுக்கு வந்த துணி, சாவுத் துணி எல்லாம் அவர்கள் வெளுக்க வேண்டும். கூலி என்று ராத்திரிச் சோறும் அறுப்பில் கொஞ்சம் நெல்லும். நான் போனதும் அந்த அம்மா எனக்குச் சாக்கு விரித்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தது. 22 வயசுப் பெண்ணான என்னை "சாமி" என்றது. "ஊரு உங்கள எப்பிடி வெச்சிருக்குதோ அப்பிடித்தான் சாமி நீங்க எங்கள வெச்சிருக்கீங்க. உங்களுக்கு ஊர வுட்டா மில்லு, பட்டணம்னு இருக்குது. எங்களுக்கு உங்கள வுட்டா யாரு?"

அதை அப்படியே எழுதினேன். மொஃபாட் பார்த்த படிக்கட்டு நிஜமாகவே இருக்கிறது. அதற்கு அவர் சம்மதம் என்று பேர் வைத்ததில்தான் எனக்குச் சண்டை. ஒவ்வொருத்தருக்கும் காலடியில் ஒருத்தரைக் கொடுத்துவிட்டால் யாரும் சேர்ந்து எழ மாட்டார்கள் என்பதைப் படிநிலை ஏற்றத்தாழ்வு என்ற பேரில் அம்பேத்கர் சொல்லி வைத்திருக்கிறார்.

தமிழில் வாசித்துக் காட்டினதும் ஆயாவுக்குக் கோவம். "நம்மளக் கொற சொல்லவா படிக்க வெச்சோம்?" மன்றத்துப் பையன்களும் நம்ம அழுக்கை ஊருக்குக் காட்டணுமா அக்கா என்றார்கள். 1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது இதே கேள்வி தலித் பத்திரிகைகளில் எழுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நாம்தான் எழுத வேண்டும் என்பதே அன்றும் இன்றும் என் கட்சி. மூடி வைத்தால் அந்த அம்மா சொன்னது யாருக்குத் தெரியும்?

ஸ்காலர்ஷிப் பணம் பரீட்சை முடிந்து நாலு மாசம் கழித்து வந்தது. டைப் அடித்தவர் பாக்கியைத் தீர்த்தேன். பிறகு அந்த அம்மாவின் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைந்தோம். புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்கிறது. தாலுக்கா ஆபீசில் வண்ணார் என்று எழுதி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் தள்ளுவார்கள். "அப்பிடி ஒரு சாதியே கெடையாதும்மா" என்றார் கிளார்க். அரசாங்கப் பட்டியலையும் என் ஆய்வேட்டையும் மேசைமேல் வைத்தேன். பட்டியலைப் புரட்டினார், ஆய்வேட்டைத் தொடவில்லை. புதிரை வண்ணாருக்கு நலவாரியம் என்று ஒன்று வந்ததே 2009-ல்தான். அந்தப் பையனுக்குச் சான்றிதழ் 1995-ல் கைக்கு வந்தது. அதற்குள் அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான்.