பொம்மைக்கும் பவுன் விலை!

நாட்டிங்ஹாம் என்றதும் உங்களுக்கு ராபின் ஹூட் ஞாபகம் வரலாம். எனக்கு வந்தது தாத்தாவின் ராலே சைக்கிள். தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். நாம் தொட்டால் முதுகில் ஒன்று விழும்! அந்த ராலே பிறந்த ஊர் இதுதான். இங்கிருந்த அதன் தொழிற்சாலையை 2002-ல் மூடிவிட்டார்கள்.

"சைக்கிள் போனா என்ன அங்கிள்? இப்ப இந்த ஊர்ல ராணுவமே தயாரிக்கிறாங்க. வாங்க, காட்டறேன்" என்றான் அர்ஜுன். வயது 14. என் பி.காம். கிளாஸ்மேட் சேகரின் ஒரே பிள்ளை.

அழைத்துப் போன இடம், லென்ட்டன் பகுதியில் 'வார்ஹாமர் வேர்ல்ட்'. வாசலில் ஆளைவிட உயரமாகக் கவசம் போட்ட வீரன் சிலை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி வீரர்கள், பூதங்கள், டிராகன்கள். பெரும்பாலானவை கட்டைவிரல் உயரம்தான். அதற்குக் கண், புருவம், இடுப்பு பெல்ட்டின் பக்கிள் வரை பெயிண்ட்! சின்னப் பையன்கள் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். தாடி வைத்த நாற்பது வயது ஆசாமிகள், பஞ்சு வைத்த பெட்டியில் படையைச் சுமந்துகொண்டு பயபக்தியோடு போகிறார்கள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்களாம்!

இதை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி, 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்தது. 1983-ல் வார்ஹாமர் விளையாட்டு வந்தது. 1987-ல் அதன் விண்வெளித் தம்பி, 'வார்ஹாமர் 40,000'. தலைமையகம் 1997-ல் லென்ட்டனுக்கு வந்தது. 2024 டிசம்பரில் பிரிட்டனின் நூறு பெரிய கம்பெனிகள் பட்டியலில் ஏறிவிட்டது. பொம்மை விற்று, சார்!

படித்தது காமர்ஸ் அல்லவா, கை சும்மா இருக்குமா? பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 1987-ல் 30 பிளாஸ்டிக் வீரர்கள் அடங்கிய பெட்டி 9.99 பவுண்டு. தலைக்கு 33 பென்ஸ். அதன் பிறகு அங்கே விலைவாசி சுமார் மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கில் இன்று தலைக்கு ஒரு பவுண்டு இருந்தால் நியாயம். ஆனால் இப்போது பத்து வீரர்கள் பெட்டியே 35 பவுண்டுக்கு மேல்! நம் டி.ஏ. இந்த வேகத்தில் ஏறியிருந்தால் நானும் நீங்களும் இந்நேரம் கொடைக்கானலில் பங்களா வாங்கியிருப்போம்.

பிளாஸ்டிக் என்னவோ சல்லிசுதான். செலவெல்லாம் சிற்பிக்கும் எஃகு அச்சுக்கும். பழைய பொம்மைகளைவிட இன்றையவை உருவத்தில் பெரியவை, நகாசு வேலையும் அதிகம். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ரகம் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன பழைய உலோகப் பொம்மைகள். எண்பதுகளில் பாக்கெட் மணியில் வாங்கித் தொலைத்தவர்கள் இன்று கை நிறையச் சம்பாதிக்கிறார்கள். தொலைத்த சிறு வயதைத் தேடுகிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

அர்ஜுனும் அப்படி ஒரு பூதத்தின் மேல் கண் வைத்திருந்தான். ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடை. போன மாதம் 28 பவுண்டு என்று பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துக் கார்களைக் கழுவிக் காசு சேர்த்திருக்கிறான். போய்ப் பார்த்தால் சீட்டில் 40!

"2015-ல நிறுத்தின பழைய ஆட்டத்தை 2024-ல திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. எல்லாரும் பழைய படையைத்தான் தேடறாங்க" என்றார் கடைக்காரர், சாவகாசமாக.

பையன் முகம் சுருங்கிவிட்டது. நான் 12 பவுண்டை நீட்டினேன். "கடனாத்தான் வாங்கிப்பேன் அங்கிள்" என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அப்பன் அக்கவுண்டன்ட் ஆயிற்றே!

வீட்டில் சேகர் ஆரம்பித்தான். "பெயிண்ட் அடிச்சுத் தொலைக்காதே. அப்படியே பீரோவுல வை. அஞ்சு வருஷத்துல டபுள் ஆகும்."

"விளையாடாம பூட்டி வெச்சா அது பொம்மை இல்லப்பா, ஃபிக்சட் டெபாசிட்!"

சேகருக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் பேச்சே இல்லை. எனக்குச் சப்பாத்தி இறங்கவில்லை. தாத்தாவின் ராலே ஞாபகம் வந்தது. அவர் போனபின் திண்ணை ஓரத்தில் துருப்பிடித்து, கடைசியில் எடைக்குப் போட்டோம். நான் ஒரு ரவுண்டுகூட ஓட்டியதில்லை.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் விளக்கு. பூதம் பாதிப் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியோடு குனிந்து, ஒற்றை மயிர் பிரஷ்ஷால் அதன் கால் நகத்துக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தது... சேகர்! பக்கத்தில் பிள்ளை, "மெதுவாப்பா, மூச்சு விடாதே" என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது கடனை அடைத்தான் அர்ஜுன். அவனே வர்ணம் அடித்த ஒரு குட்டிக் குள்ளபூதம்!

சென்னையில் என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன விலை?"

"பன்னெண்டு பவுண்டு."

"என்னது... பன்னெண்டு பவுனா?!"

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு நகைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. விளையாடத்தான் முடியவில்லை.