துணைநலமும் மக்கட்பேறும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, திருக்குறளைப் பற்றி எழுதுவதென்றே முடிவு செய்தேன். தமிழாசிரியன் ஒருவனிடம் அன்பர்கள் எதிர்பார்ப்பதும் அதுவேயன்றோ! ஆயினும் எழுத அமர்ந்தபோது, நூற்பொருளுக்கு முன்னே என் இல்லத்து நிகழ்ச்சியொன்று வந்து நின்றது. அதனை விலக்கிவிட்டு மேலே செல்ல என்னால் இயலவில்லை. சொந்தக் கதை பேசுகின்றானே என்று முகஞ்சுளியாது அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

உயர்தர வகுப்பில் நாங்கள் பயின்ற காலத்தில், எங்கள் தமிழாசான் ஒருநாள் ஒரு வினா விடுத்தார். திருக்குறளில் 6 ஆம் அதிகாரம் வாழ்க்கைத் துணைநலம்; 7 ஆம் அதிகாரம் மக்கட்பேறு. இவ்வரிசைக்குக் காரணம் யாது? பின் வாங்கிலிருந்த நண்பன் ஒருவன் சட்டென எழுந்து, "மனைவி வந்த பின்னர்தானே, ஐயா, பிள்ளை வரும்?" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. ஆசானும் சிரித்தார். பின்னர், "அது ஒரு விடை. இன்னொரு விடையும் உண்டு. அதை வகுப்பில் சொல்லித் தர முடியாது, நீங்களாகவே கண்டுகொள்ள வேண்டும்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தார். அவ்விடையைக் கண்டுகொள்ள எனக்கு ஏறக்குறைய 17 ஆண்டுகள் சென்றன.

எங்கள் திருமணம் 2008 ஆம் ஆண்டு தை மாதத்தில் நடைபெற்றது. போர்நிறுத்த உடன்படிக்கை முறிந்து முடிவுக்கு வந்ததும் அதே மாதத்திலேதான். 2006 ஆம் ஆண்டு ஆவணியில் முகமாலையில் மூடப்பட்ட கண்டி வீதி அப்போதும் மூடியே கிடந்தது. கப்பலிலோ விமானத்திலோ செல்ல வாய்த்தவர்களே தென்னிலங்கையைக் கண்டனர். ஊரடங்குக்கு அஞ்சி, விருந்தினர் பொழுது சாயுமுன் வீடு திரும்பினர். பந்தல் வெறிச்சோடிக் கிடந்த அந்த மாலையில், "பாதை திறக்கட்டும், உன்னைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று காலிமுகத் திடலைக் காட்டுவேன்" என்று என் மனைவிக்கு வாக்களித்தேன். கொழும்பைக் காணாதவள் அவள். நானோ ஒரே ஒருமுறை கண்டவன். எனினும் அந்நகரமே என் உடைமை என்பதுபோல அன்று பேசினேன்!

பாதை திறந்தது, வாக்கு நிறைவேறவில்லை. முதலிற் பணமின்மை, பின்னர்க் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் என் பயிற்சிக்காலம். 2011 இல் அவள் கருவுற்றாள். அவ்வேளையில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த அவளுடைய சிற்றன்னை, செட்டிகுளத்து முகாமில் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. தாயில்லாத அவளை வளர்த்தவர் அவர். அவள் பேருந்தேறிப் போய்ப் பார்த்து வந்தாள். அக்காலத்தில் வீதி இன்னும் செப்பனிடப்படாமல் குன்றும் குழியுமாகவே கிடந்தது. அவள் திரும்பி வந்து மூன்று கிழமைகளில் கரு கலைந்தது. அப்போது பத்து வாரம்.

அதன்பின் எங்கள் வீட்டிற்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரே வசனத்தையே வெவ்வேறு சொற்களிற் சொன்னார்கள். "பிள்ளைத்தாய்ச்சி அந்தப் பாதையிற் போகலாமோ?" என்றார் ஒருவர். "போகாமல் இருந்திருந்தால் பிள்ளை தங்கியிருக்கும்" என்றார் மற்றொருவர். என் தாயாரும் சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்தவர்களுக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்நாள் தொட்டு அவள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே அடி எடுத்து வைக்கவில்லை. 2014 ஆம் ஆண்டு ஐப்பசியில், 24 ஆண்டுகளின் பின் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அவள் போகவில்லை.

2015 இன் இறுதியில் இறைவன் மீண்டும் எங்கள்பால் அருள்நோக்கஞ் செய்தான். அடுத்த தை மாதத்தில் எங்கள் திருமணத்தின் எட்டாவது நிறைவுநாள் வந்தது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒருநாள் இரவு உணவு பரிமாறிக்கொண்டே, "இந்த நிறைவுநாளுக்கு என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றாள். நான் திடுக்கிட்டேன். "பிள்ளை பிறந்தபின் மூவருமாகப் போவோமே!" என்றேன். "அதுவும் போவோம். இது நமக்கு" என்றாள்.

என் தாயார் அதனைக் கேட்டதும் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அயலாரும் உறவினரும் பழைய வசனத்தைப் புதுப்பித்தனர். நானும் உள்ளூர அவர்கள் பக்கமே நின்றேன் என்பதை மறைப்பானேன்? மகப்பேற்று வைத்தியரிடம் சென்றபோது, அவர் தடை சொல்வார், அதனைச் சாக்காகக் கொண்டு பயணத்தை நிறுத்திவிடலாம் என்றே நம்பினேன். அவரோ பதிவட்டையைப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தமும் மற்றவையும் செவ்வையாக இருக்கின்றன, நடுமாதங்களே பயணத்துக்கு இசைவானவை என்றார். மணிக்கொருமுறை எழுந்து சிறிது நடக்கவேண்டும், தண்ணீர் குறையாது பருகவேண்டும், மாத்திரைகளைத் தவறவிடக்கூடாது, பதிவட்டையைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும் என்று நான்கு கட்டளைகளே இட்டார்.

பின்னர் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "டொக்டர், முன்னைய பிள்ளை பேருந்துக் குலுக்கத்தினாலா போனது?" வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். முதல் மூன்று மாதத்திற் கலையும் கருக்களிற் பெரும்பாலானவை, கருவுறும்போதே நேர்ந்த நிறமூர்த்தக் குறைபாட்டினால் வளர இயலாதவை என்றும், பேருந்திற் சென்றமையால் நற்கரு கலைவதில்லை என்றும் விளக்கினார். அவள் தலையசைத்தாள். நான் சுவரிலிருந்த தாய்ப்பாற் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுமார் 400 கிலோமீற்றர்ப் பயணம். தாயார் ஒன்றும் பேசாமல் வேப்பிலையையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் மருமகளின் பைக்குள் வைத்தார். காலைப் புகையிரதத்தில் யன்னலோர ஆசனம் கிடைத்தது. ஆனையிறவின் வெண்மணலும் நீர்ப்பரப்பும் கடந்தன. முறிகண்டியில் மனத்தினாலே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஓமந்தை வரை தண்டவாளம் புதியது. தொட்டில் போலச் சென்றது. அதற்கப்பால் பழைய பாதை. வண்டி குலுங்கத் தொடங்கியதும் என் நெஞ்சும் குலுங்கிற்று. ஒவ்வொரு குலுக்கத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ வயல்களையும் குளங்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளவத்தையில் உறவினர் ஒருவர் வீட்டிலே தங்கினோம். நிறைவுநாளன்று அதிகாலையிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் சென்றோம். 1856 இல் பொன்னம்பல முதலியார் நிறுவிய அவ்வாலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இலிருந்து 1912 வரை கருங்கல்லாலே புதுக்கியமைத்தார். நகரத்தின் இரைச்சல் அக்கருங்கற் சுவரைத் தாண்டி உள்ளே வருவதில்லை. சிவகாமியம்மை சந்நிதியில் அவள் நெடுநேரம் நின்றாள்.

அங்கிருந்து அரும்பொருட்சாலைக்குச் சென்றோம். 1877 இல் திறக்கப்பட்ட அம்மாளிகையில், காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கின்றது. 1409 ஆம் ஆண்டு, சீனப் பேரரசனின் பெயரால் பொறிக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் மூன்று வேறு வழிபாடுகளுக்கான காணிக்கையை அது கூறுகின்றது. தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாருக்குரியது. தமிழாசிரியனுக்கு இதனைவிட வேறென்ன வேண்டும்? அரைமணி நேரத்துக்கு மேல் அக்கல்லின் முன் நின்று விரிவுரை ஆற்றினேன். அவள் அருகிலிருந்த வாங்கில் அமர்ந்து நல்ல மாணவியைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் எட்டாண்டு வாக்கு நிறைவேறிற்று. காலிமுகத் திடலிற் பட்டங்கள் பறந்தன. பிள்ளைகள் அலைக்கு ஓடி அலையுடன் திரும்பினர். தேசாதிபதி சேர் ஹென்றி வோட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது. கொழும்பு நகரத்துப் பெண்டிருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதனைப் பேணுமாறு பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொள்ளும் நினைவுக்கல்லும் அங்கே உண்டு. அதனையும் அவளுக்கு எடுத்துரைத்தேன்.

வண்டிற்காரர் ஒருவர் அன்னாசித் துண்டுகளில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டு வந்தார். அவள் ஆசையுடன் பார்த்தாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு அன்னாசி ஆகாது" என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவள் கோபிக்கவில்லை. கடலைப் பார்த்தவாறே மெல்லச் சொன்னாள்:

"காலையில் ஒரு கல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினீர்கள். இப்போது இன்னொரு கல்லைப் பற்றியும் பேசினீர்கள். அன்று எல்லாரும் என்னைக் குற்றஞ் சொன்னபோது நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா?"

அலையோசை கேட்டது. வேறு விடை சொல்லித் தப்பலாம் என்று என் மனம் ஒருகணம் முயன்றது. பின், "ஆம், பாதி நினைத்தேன். மற்றப் பாதிக்குத் துணிவில்லை" என்றேன். அவள் அழுதாள். ஐந்தாண்டுகளாக அவள் என் முன்னிலையில் அழுததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கொழும்பைப் பார்க்க நான் வரவில்லை. மறுபடியும் ஒரு பயணம் போய், பயமில்லாமல் திரும்பி வரவேண்டும் என்று வந்தேன். இந்தப் பிள்ளை பிறக்கமுன் நாங்கள் இருவரும் இதைப் பேசி முடிக்கவேண்டும் என்றும் வந்தேன்" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்றே இருந்தது. அதனைச் சொன்னேன். இருள் கவிந்தபின்னும் நெடுநேரம் அங்கேயே இருந்தோம். அன்னாசிக்காரர் மீண்டும் அவ்வழியே வந்தபோது நானே வாங்கிக் கொடுத்தேன். அளவோடு உண்டாற் கேடில்லை என்று ஊரிலுள்ள மருத்துவமாது பின்னர்ச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும் வழியில் மதவாச்சியைத் தாண்டி வண்டி குலுங்கியபோது அவள் சட்டென்று என் கையைப் பற்றினாள். நான் பதறிப்போனேன். "பயப்படவேண்டாம். இது புகையிரதத்தின் ஆட்டமன்று" என்றாள். பிள்ளை துடித்ததை அவள் உணர்ந்தது அதுவே முதன்முறை.

வீடு சேர்ந்த இரவிலேயே தாயாரிடம் சென்றேன். வைத்தியர் கூறியதை ஒன்றும் விடாமற் சொன்னேன். "அம்மா, அன்றைக்கு அவளிற் பிழையில்லை. அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். இனி இந்த வீட்டில் அந்தக் கதை வேண்டாம்" என்றேன். தாயாரிடம் அவ்வாறு பேசியது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை. அவர் சினப்பார் என்றெண்ணினேன். அவரோ நெடுநேரம் வாளாவிருந்துவிட்டு, "உனக்கு முன்னம் எனக்கும் ஒன்று போனது. கிணற்றிலே தண்ணீர் அள்ளினதாலே என்றார்கள். உன் ஐயாவும் பேசாமல்தான் இருந்தார்" என்றார். பின்னர் எழுந்து, மருமகள் படுத்திருந்த அறைக்குட் சென்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

2016 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எங்கள் மகள் பிறந்தாள்.

ஆசான் சொல்லாது விட்ட விடையை இப்போது எழுதலாம் என நினைக்கின்றேன். துணைநலம் மக்கட்பேற்றுக்கு ஏணி மட்டுமன்று, ஏறியபின் மறக்கத்தக்கதுமன்று. பிள்ளை வந்தாலும் வாராது போயினும் அது தன்னளவில் நிறைவுற வேண்டிய ஓர் அறம். ஆதலால் அதற்குத் தனி அதிகாரம். ஆதலால் அதற்கு முன்னிடம். கருவுற்றவளைக் காப்பதாக எண்ணி அவள் வயிற்றை மட்டுமே காத்துநின்றவன் நான். அவள் மனத்துக்குக் காவல் வேண்டியிருந்த நாளில் தேநீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றேன்.

இம்மலரைப் படிக்கும் இளைய பழைய மாணவர்களே! நம் கல்லூரி நமக்கு நாவன்மை தந்தது. விவாத மேடைகளில் நாம் பரிசும் பெற்றோம். சொல்வன்மைக்கும் வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அதனை அமைச்சர்க்குரியதென்று வகுப்பிற் படித்தோம். அமைச்சராகும் பேறு நம்மில் எத்தனை பேருக்குக் கிட்டுமோ அறியேன். ஆனால் உறவினர் கூடியிருக்கும் முற்றத்தில் எழுந்து நின்று, "இவளிற் பிழையில்லை" என்று சொல்லவேண்டிய நாள் நம்மிற் பலருக்கு வரும். அந்நாளில் வாய் திறவுங்கள். நான் ஐந்தாண்டு பிந்தினேன். நீங்கள் ஒருநாளும் பிந்தாதிருப்பீர்களாக!

கல்லூரி அன்னை நீடு வாழ்க!