விடுமுறைக் காலையும் அம்மாவின் படமும்



செப்டம்பர் 16, மலேசிய நாள். 2010ஆம் ஆண்டு முதல் நாடு முழுமைக்கும் பொது விடுமுறையாக இருந்து வருகின்றது. ஆசிரியர்களுக்கு விடுமுறை என்றால், திருத்த வேண்டிய பயிற்சி நூல்கள் மேசை மீது காத்திருக்கின்றன என்று பொருள். இம்முறை அவை காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கே அடுப்படிக்குச் சென்றேன். நாசி லெமாக் சமைத்து, பொட்டலம் கட்டிக்கொண்டு, அம்மாவுடன் கோல சிலாங்கூர் மலாவாத்தி குன்றுக்குப் போவது என்பது திட்டம். அங்குள்ள குரங்குகளைப் படம் பிடிப்பது என் ஆசை. படக்கலையில் நான் இன்னும் மாணவன்தான்.

சமையல் என்னுடையது, மேற்பார்வை அம்மாவுடையது. இரண்டு குவளை அரிசியைக் கழுவித் தேங்காய்ப் பால் ஊற்றி, உப்பும் தட்டிய இஞ்சியும் சேர்த்து, பாண்டான் இலையை முடிச்சிட்டுப் போட்டேன். ஊறவைத்த காய்ந்த மிளகாயைச் சின்ன வெங்காயம், பூண்டு, சிறிது பெலாச்சானுடன் அரைத்துச் சம்பலுக்குத் தாளித்தேன். ஐந்து நிமிடத்தில் புளியைக் கரைத்து ஊற்றப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

"அவசரப்படாத தம்பி. எண்ணெய் பிரிஞ்சு மேல வரட்டும். அதுவரைக்கும் மிளகா பச்சையாத்தான் இருக்கும்."

மேலும் கால் மணி நேரம் கிளறினேன். எண்ணெய் பிரிந்தது. பிறகே புளி, சிறிது சீனி, பொரித்த நெத்திலி. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில், பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அம்மா ஒருவரிடம் என் அம்மா கற்ற சமையல் இது.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வழியெங்கும் செம்பனை. "இதெல்லாம் பால்மரமா இருந்த இடம்" என்று அம்மா சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மரங்களில்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் பால் வெட்டினார்.

மலாவாத்தி குன்றுக்கு வரலாறு உண்டு. 1784இல் டச்சுக்காரர்கள் இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். 1907இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்திற்கு இன்றும் அந்த டச்சுப் பெயரே வழங்குகின்றது.

மரத்தடி இருக்கையில் பசியாறிவிட்டுப் படக்கருவியை எடுத்தேன். கிளையில் ஒரு வெள்ளிமுடிக் குரங்குக் கூட்டம். சாம்பல் நிறத் தாயின் மடியில் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி. இக்குரங்குகளின் குட்டிகள் பிறக்கும்போது இந்நிறத்தில்தான் இருக்கும்; சில மாதங்களில் சாம்பல் நிறத்திற்கு மாறிவிடும். ஒரு குட்டியைக் கூட்டத்தின் வேறு பெண் குரங்குகளும் வாங்கி வைத்துக்கொள்ளும். நாங்கள் பார்த்திருக்கையிலேயே குட்டி இரண்டு மடி மாறியது.

"ஆயக்கொட்டகை மாதிரியே இருக்கே!" என்று அம்மா சிரித்தார். "விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போறப்போ, உன்னையும் இப்படித்தான் ஆயா கையில குடுத்துட்டு ஓடுவேன்."

நான் எடுத்த முதல் படம் ஏமாற்றம் தந்தது. வெளுத்த வானத்தின் முன்னே கரிய உருண்டையாகக் குரங்கு. காரணம் எளியது. கருவி, காட்சி முழுவதிலும் உள்ள ஒளியைச் சராசரியாகக் கணக்கிடுகின்றது. பின்புறம் வானம் ஒளிர்ந்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைத்து விடுகின்றது. முன்னால் நிழலில் இருப்பவர் இருண்டு போகின்றார். ஒளியைத் திருத்தும் அளவை 'கூட்டல் 1' என்று வைத்தால், உள்ளே வரும் ஒளி இரு மடங்காகும். வைத்தேன். குரங்கின் கண்ணும் மயிரும் தெரிந்தன.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அவர் படத்திற்கு நிற்கவே மாட்டார். "நான் கரிக்கட்டையாத்தான் விழுவேன்" என்பார். என் பட்டமளிப்பு நாளில் எடுத்த படத்தில், ஒளி நிறைந்த சன்னலின் முன் நின்ற அவருடைய முகமே தெரியாது. குறை தம் முகத்தில் இருக்கின்றது என்று இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தார். நானும் மறுத்து விளக்கியதில்லை.

கெஞ்சிக் கேட்டு, கடலுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தேன். முதல் படம் அவர் சொன்னது போலவே விழுந்தது. 'கூட்டல் 1' வைத்தேன், போதவில்லை. 'கூட்டல் 2' வைத்தேன். பின்னால் கடலும் வானமும் வெளுத்துக் காணாமற் போயின. போகட்டும். அம்மாவின் முகம் வந்துவிட்டது. மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், அடக்க முயன்ற சிரிப்பு எல்லாம் வந்துவிட்டன.

அம்மா திரையை நெடுநேரம் பார்த்தார். "உங்கப்பாவையும் இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாம்" என்றார். என்னால் பதில் கூற இயலவில்லை. 2011இல் அப்பா இறந்தபோது, சட்டமிட்டு வைக்க வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அடையாள அட்டையில் இருந்த சிறு படத்தைக் கடையில் பெரிதாக்கி வாங்கி வந்தோம். அந்த மங்கலான முகம்தான் கூடத்துச் சுவரில் இருக்கின்றது.

திரும்பும் வழியில் என் வகுப்பை நினைத்துக்கொண்டேன். நானும் சராசரி பார்த்துத்தானே பாடம் நடத்துகின்றேன்? முன்வரிசையின் ஒளியில் இருண்டு போகும் பிள்ளைகள் எத்தனை பேரோ! 'கூட்டல் 2' வைக்க வேண்டியது என் கையில் அல்லவா இருக்கின்றது?

அன்று மாலையே படத்தை அச்சிட்டு, அப்பாவின் படத்திற்கு அருகில் மாட்டப் போனேன். அம்மா தடுத்தார்.

"அங்க வேணாம். அது போனவங்க இடம். டிவி பக்கத்துல வை."

அங்கேயே வைத்தேன். பெற்றோருடன் இருக்கும் அன்பர்களே, அடுத்த விடுமுறையில் மலையையும் கடலையும் எடுக்கும் முன், அவர்களை ஒரு படம் எடுத்து விடுங்கள். பின்புலம் வெளுத்தாலும் வெளுக்கட்டும்.