ஆர் கூட்டிக்கொண்டு போறது?

1995 ஜூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. பாதுகாப்பென்று நம்பி அங்கே ஒதுங்கியிருந்தவர்களில் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கடுத்த கிழமை, கொக்குவிலில் நான் படிப்பித்த பாலர் பாடசாலையின் இடாப்பில், பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடிழுத்துப் புதிதாக ஒரு நிரல் போட்டேன். ‘ஆர் கூட்டிக்கொண்டு போறது?’ பிளேன் இரைச்சல் கேட்டால் எந்தப் பிள்ளையை யாருடைய கையில் கொடுப்பது என்று தெரிய வேண்டும். வேறு நோக்கம் எதுவும் அன்று எனக்கில்லை.

தகப்பனின் தொழிலுக்கு இடாப்பில் முன்பே ஒரு நிரல் இருந்தது. அதை ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. பென்சில் நிரலில் ‘அப்பா’ என்று வந்தது நாலே நாலு இடத்தில். மற்றதெல்லாம் அம்மா, அம்மம்மா, பெரியம்மா. ஒரு பிள்ளைக்குப் பத்து வயது அக்கா.

ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. காலையில் வகுப்பு நடந்தது, வரவும் பதிந்தேன். பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. ஆமி கிட்ட வந்திட்டுது, வலிகாமத்து ஆட்கள் எல்லாரும் உடனே தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் சனம் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. மழை வேறு. செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம் மட்டும் சைக்கிளை உருட்டக்கூட முடியவில்லை. ஒரு அடி வைத்தால் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். தண்ணி விடாய்த்தவர்கள் குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீர் ஏந்தினார்கள். என் பையில் இரண்டு சீலை, ஒரு பெட்டி வெண்கட்டி, இடாப்பு. இடாப்பை ஏன் எடுத்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். கையில் கிடந்தது, எடுத்தேன்.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில், அகதிகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதை விரித்தபோது வெண்கட்டி கூழாகியிருந்தது. மைப்பேனையால் முத்து முத்தாக எழுதிய பெயர்கள் எல்லாம் நீலமாய் வழிந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பென்சில் மட்டும் அப்படியே கிடந்தது. அம்மம்மா, பெரியம்மா, அம்மா, அக்கா. அதை வைத்துத்தான் ஒவ்வொரு பெயராகத் திரும்ப யோசித்துப் பிடித்தேன்.

நான்காம் நாள் விறாந்தை முனையில் கிடைத்த பிள்ளைகளைச் சேர்த்து வகுப்புத் தொடங்கினேன். எனது பிள்ளைகள் ஏழு பேர். மற்றவர்கள் வேறு ஊர்ப் பிள்ளைகள். சிரட்டையும் புளியங்கொட்டையும்தான் சாமான். ஒரு பொடியன் தடியொன்றின் இரு முனையிலும் சிரட்டை கட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் நாலைந்து பேர் வரிசையாக நின்றார்கள். ஒரு அடி வைப்பார்கள், நிற்பார்கள். வெகுநேரம் நிற்பார்கள்.

“ஏனடா நிக்கிறியள்?”

“பாலம் ரீச்சர். முன்னுக்குப் போக ஏலாது.”

பிள்ளைகள் ஓடி விளையாடப் பார்த்திருக்கிறேன். நின்று விளையாடியதை அன்றுதான் பார்த்தேன். தடுக்கவில்லை. உளவளம், ஆற்றுப்படுத்தல் என்ற சொற்களெல்லாம் எனக்குப் பிறகு பயிற்சிகளில் வந்தவை.

1996 ஏப்ரலில் ஊர் திரும்பினோம். சிலர் கிளாலியால் வன்னிக்குப் போய்விட்டார்கள். பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் வரவில்லை. நான் பிறகு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கப் போனேன், அங்கிருந்து முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி வேலைக்கு. 2004இல் அதற்கான தேசியக் கொள்கை வந்தது. விளையாட்டால் கற்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு விளக்கி விளக்கியே என் தொண்டை போனது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய மறுகிழமையே “இன்னும் ‘ஆனா’ எழுதேல்லையோ ரீச்சர்?” என்று வந்து நிற்பார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டியபோது அந்தக் கேள்வியும் நின்றது; சீனிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வரிசையில் நிற்கவே நேரம் போதவில்லை.

போகிற முன்பள்ளியெல்லாம் அந்தப் பென்சில் நிரலைப் போடச் சொன்னேன். சிலர் போட்டார்கள். படிவத்தில் இல்லாததை ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு மேலதிகாரி கடிந்தார்.

2013இல் அந்தக் கேள்வி அரசாங்கத்தின் படிவத்திலேயே ஏறியது, நான் நினைத்துப் பார்க்காத வழியால். வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற தாய்க்குக் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வேண்டும் என்றார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். தாய் போனால் பிள்ளையை ஆர் பார்ப்பது? நான் கேட்டது பிள்ளையை ஒப்படைக்க. இவர்கள் கேட்டது தாயை மறிக்க. தகப்பனை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனதும் விதியைத் தளர்த்தினார்கள். பிள்ளைகளின் தேவையா அதற்குள் மாறிவிட்டது?

இடையில் 2016இல் அந்த அறிக்கைக்காக ஒரு குடும்பம் என் மேசைக்கு முன்னால் வந்திருந்தது. தாய்க்கு 26 வயது, புருஷன் இல்லை, குவைத்துக்குப் போக வேண்டும். பிள்ளையைத் தான் பார்ப்பதாக அம்மம்மா சொன்னா. உங்களால் ஏலுமா என்று கேட்டேன், கேட்கத்தான் வேண்டும்.

“ஏலுமோ?” அவ மகளைக் காட்டினா. “இவளையும் நான்தானே நாவற்குழிப் பாலத்தால தூக்கிக்கொண்டு போனனான்.”

அதை எழுதப் படிவத்தில் இடமிருக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினேன். பிள்ளைக்கு மூன்றரை வயது. ஒன்றரை வயது போதவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. நான் எழுதியதை யாரோ சுத்தமாக அழித்திருந்தார்கள்.