மதுரையில் குளிர்ந்த பானை சென்னையில் ஏன் குளிரவில்லை?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் சாலையோரங்களில் மண்பானைகள் வரிசைகட்டிவிடும். குழாய் வைத்தது, மூடியோடு வருவது, பூ வரைந்தது என விதவிதமாக. ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டிலும் ஒரு பானை வாங்கி வைக்கிறார்கள். ஐஸ் தண்ணீர் தொண்டையைக் கட்டும், பானைத் தண்ணீர்தான் தாகத்தை அடக்கும் என்பது பெரியவர்களின் கணக்கு.

மதுரைப் பக்கமிருந்து சென்னைக்குக் குடிவந்த குடும்பங்களில் மட்டும் ஒரு புகார் கேட்கும். ‘ஊர்ல பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கும். இங்க என்னமோ குழாய்த் தண்ணி மாதிரியே இருக்கு!’ பழி பானைமேல் விழும். மண் சரியில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வரும். அடுத்த வருடம் வேறு பானை வரும். அதுவும் அப்படியேதான் இருக்கும்.

குற்றம் பானையிடம் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் காற்றிடம் இருக்கிறது.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளிப்புறத்துக்கு வரும். அங்கே அது ஆவியாகும். ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதியைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்துமே எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு வெப்பம்? ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக, சாதாரண வெப்பநிலையில் சுமார் 580 கலோரி வேண்டும். 10 லிட்டர் பானையிலிருந்து 100 மில்லி, அதாவது அரை டம்ளர் தண்ணீர் ஆவியானால் போகும் வெப்பம் 58,000 கலோரி. வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராமல் இருந்தால், மீதித் தண்ணீர் முழுவதும் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துவிடும். கரன்ட் பில் இல்லை, சத்தமும் இல்லை.

ஆனால், காற்று அந்த ஆவியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஈரம் மிகுந்த காற்றில் அதற்கு இடம் குறைவு. மழைநாளில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பதும் இதனால்தான்.

பானை எவ்வளவு தூரம் குளிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவுதான் அந்த எல்லை. ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்று அதற்குப் பெயர். மதுரையில் ஒரு மதியம் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், இந்த எல்லை 24 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். சென்னையில் அதே நேரம் 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவிகிதம் என்றால், எல்லை 30 டிகிரியிலேயே நின்றுவிடும். புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைப் பானையாகவே இருந்தாலும் அதற்குக் கீழே அதனால் குளிர்விக்க முடியாது.

ஆக, வெயில் குறைந்த ஊரில்தான் தண்ணீர் குளிரவில்லை. பானையோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்தால் இதை ஒரு வேடிக்கையாக விட்டுவிடலாம்.

உடம்பும் ஒரு பானைதான்

உடம்பை மண்பாண்டத்துக்கு ஒப்பிட்டுப் பாடினார்கள் சித்தர்கள். நிலையாமையைச் சொல்ல வந்த உவமை அது. வெயில் காலத்தில் அறிவியல்படியும் பொருந்திப்போகிறது.

மனித உடம்பு ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே 37 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். வெளிக்காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வெப்பத்தை வெளியேற்ற மிஞ்சும் வழி வியர்வைதான். வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் குளிர்ச்சி கிடைப்பதில்லை. உடம்பின் நீரும் உப்பும் போவதுதான் மிச்சம்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டுப் பல மணி நேரம் நீடித்தால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதராலும் தாங்க முடியாது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உண்மை நிலை அதைவிடக் கடுமையானது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் செய்த சோதனை முடிவுகள் 2022-ல் வெளிவந்தன. ஈரப்பதம் மிகுந்த சூழலில், சுமார் 31 டிகிரியிலேயே அவர்களின் உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு வியர்க்கும் திறனும் குறைவு, தாக உணர்வும் குறைவு.

இந்திய வானிலை ஆய்வு மையமும் கடலோரத்துக்குத் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்கக் குறைந்தது 40 டிகிரி ஆக வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தாலே போதும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இருந்தும், வீடுகளில் பேச்சு ‘இன்னிக்கு எத்தனை டிகிரி?’ என்பதோடு நின்றுவிடுகிறது. செல்போனின் வானிலைப் பக்கத்தில் வெப்பநிலைக்குக் கீழே ஈரப்பதமும் இருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவரும் மதியம் மாடியில் வடகம் பிழியும் பாட்டியும் அந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும்.

பானைக்குச் சொல்வதே உடம்புக்கும்

பானையை மூலையில் முடக்காமல் காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். அடியில் ஈர மணல், மேலே ஈரத்துணி இருந்தால் நல்லது. வெளியே பெயின்ட் பூசிய பானையை வாங்கக் கூடாது, துளைகள் அடைபட்டிருக்கும். பழைய பானையில் உப்பு படிந்தும் துளை அடையும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவலாம்.

உடம்புக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான். நிழல், காற்று, தளர்வான பருத்தி உடை, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர். பாலியஸ்டர் சட்டையை இறுக்கமாகப் போடுவது, பானைக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி. நீரோடு உப்பும் போவதால் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

வெயிலில் இருந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

காலையில் ஊற்றிவைத்த பானைத் தண்ணீர் மதியம்வரை ஜில்லென்று ஆகவில்லையா? பானையைத் திட்ட வேண்டாம். புழுக்கம் மிகுந்த நாள் அது. வாசலுக்கு வரும் கூரியர் தம்பிக்கும் குப்பை வண்டி அக்காவுக்கும் வியர்வை உலரவே உலராது. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் ஃபேனுக்கு அடியில் உட்காரச் சொல்லலாம்.